ஜே.ஜே. வாசலுக்குள் முதலில் பார்வையாளராகப் போங்கள்

"எந்த கிளாஸ்ல சேர்ந்தா ஜே.ஜே.ல இடம் கிடைக்கும் அக்கா?" தாராவியில் எங்கள் தெருப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இது. ஜே.ஜே. என்பது மும்பையின் சர் ஜே.ஜே. கலைப் பள்ளி. கிளாஸ் அப்புறம், முதலில் அந்தக் கல்லூரியின் ஆண்டுக் கண்காட்சிக்குப் போய்விட்டு வா என்பதுதான் என் பதில். தட்டிக் கழிக்கிறேன் என்று சிலர் நினைப்பது அவர்கள் முகத்திலேயே தெரியும். நான் நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதியவள். முதல் முறை கிடைக்கவில்லை, இரண்டாம் முறை கிடைத்தது. நடுவில் நான் புதிதாகச் செய்த ஒரே காரியம், ஓவியக் கல்லூரிகளும் காலரிகளும் பொதுமக்களுக்காகக் கதவைத் திறந்து வைக்கும் நாட்களில் உள்ளே போய்ப் பார்த்ததுதான்.

நான் எழுதியபோது மாநில அரசின் பொது நுழைவுத் தேர்வான சிஇடி நான்கு பகுதிகளாக இருந்தது. எதிரே வைத்த பொருட்களைப் பார்த்து வரையும் ஆப்ஜெக்ட் டிராயிங், டிசைன், நினைவிலிருந்து வரையும் மெமரி டிராயிங், பொது அறிவு. 2023இல் சர் ஜே.ஜே. கலைப் பள்ளி நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டதால், சேர்க்கை முறையை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், சீனியர் சொன்னதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். எந்தப் பெயரில் தேர்வு வைத்தாலும் பார்க்கத் தெரிகிறதா, பார்த்ததைத் தாளில் வைக்கத் தெரிகிறதா என்பதைத்தான் சோதிக்கப் போகிறார்கள்.

முதல் முறை நான் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்திருந்தேன். மெமரி டிராயிங்குக்கு அங்கே ஒரு தயார்ப் படம் பழக்குவார்கள். குடை பிடித்த பெண் ஒருத்தி, அவள் பின்னால் ஒரு மரம், வலது ஓரத்தில் கூடையோடு உட்கார்ந்த ஒரு ஆள். தலைப்பு பஸ் ஸ்டாப் என்றால் பின்னால் பஸ் வரும், சந்தை என்றால் கூடையில் காய்கறி வரும். ஆறு மாதம் அதையே வரைந்து கை வேகமாகிவிட்டது. தேர்வு முடிந்து தாளைக் கொடுக்க எழுந்தபோது, முன் வரிசையில் இரண்டு தாள்களில் அதே குடைப் பெண் நிற்பதைப் பார்த்தேன். வயிறு கலங்கிவிட்டது. திருத்துகிறவர் கண்ணுக்கு எத்தனை குடைகள் வந்திருக்கும் என்று வீடு வரும்வரை அதே நினைப்பு.

அடுத்த பிப்ரவரியில் ஜே.ஜே.யின் ஆண்டுக் கண்காட்சிக்குப் போனேன். தேதி வருடத்துக்கு வருடம் மாறும். அந்த வளாகம் சி.எஸ்.எம்.டி. என்கிற சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ஸ்டேஷனுக்கும் கிராஃபர்ட் மார்க்கெட்டுக்கும் நடுவில், டி.என். ரோட்டில் இருக்கிறது. அந்த வழியாக எத்தனையோ முறை மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறேன், ஒரு நாள்கூட உள்ளே நுழைந்ததில்லை. நம்மை உள்ளே விடுவார்களா என்ற தயக்கம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நிறைய இருக்கிறது. கண்காட்சி நாளில் அந்தத் தயக்கமே வேண்டாம், பார்க்க ஆள் வரவேண்டும் என்றுதானே வைக்கிறார்கள்.

உள்ளே போனால் பெரிய கேன்வாஸ்கள் முன்னால்தான் கூட்டம் நிற்கும். அவற்றையும் பாருங்கள், ஆனால் உங்கள் நேரத்தை முதல் வருட மாணவர்களின் அறையில் செலவழியுங்கள். தேர்வு உங்களிடம் கேட்பதற்கு மிக அருகில் இருப்பது அந்த அறைதான். நான் அங்கே ஒரு பென்சில் படத்தின் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். ஒரு பித்தளைச் சொம்பு, பக்கத்தில் மடங்கிக் கிடக்கும் துணி, அவ்வளவுதான். வெளிச்சம் விழுகிற பக்கம் சொம்புக்கு ஓரக் கோடே இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் வெறும் காகிதம், நாலடி தள்ளி நின்றால் வளைவு தெரிகிறது. சுற்றிலும் அழுத்தமாகக் கோடு போட்டுவிட்டு நடுவில் தேய்ப்பதைத்தான் நான் அதுவரை ஷேடிங் என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சொம்பின் வாய் மெல்லிய நீள்வட்டமாக இருந்தது, அடிப்பகுதியின் வளைவு அதைவிட உருண்டையாக இருந்தது. வரைந்த பெண் பக்கத்திலேயே நின்றிருந்தாள். எனக்குத் தெரிந்த மராத்தியில் கேட்டேன். கண் மட்டத்துக்குக் கீழே போகப் போக வட்டம் விரிந்து தெரியும் என்று சொல்லி, தன் தண்ணீர் பாட்டிலை முகத்துக்கு நேரே பிடித்து மெல்ல இறக்கிக் காட்டினாள். வகுப்பில் சொம்பின் அடியை நேர்கோடாகப் போட்டுப் பழகியிருந்தேன், ஒருவரும் திருத்தியதில்லை. அன்று ராத்திரியே வீட்டில் பருப்பு டப்பா, தண்ணீர்ச் செம்பு, அப்பாவின் துண்டு மூன்றையும் வைத்து, தரையில் உட்கார்ந்து ஒன்று, ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்று என வரைந்தேன். தேர்வில் எந்த இடத்தில் உட்கார வைப்பார்கள் என்று தெரியாது, அதனால் இப்படி இரண்டு உயரத்திலும் பழகுவது நல்லது.

கேட்கத் தயங்காதீர்கள். படம் வரைந்தவர் பக்கத்திலேயே நிற்கும் நாள் அது. எவ்வளவு நேரம் ஆச்சு, முதலில் எதைப் போட்டாய், எங்கே அழித்தாய் என்று கேளுங்கள். யாராவது ஸ்கெட்ச் புத்தகத்தை மேசையில் வைத்திருந்தால், அனுமதி கேட்டுவிட்டுக் கட்டாயம் புரட்டுங்கள். நான் பார்த்த ஒரு புத்தகம் முழுக்க லோக்கல் ரயில்தான், கம்பியைப் பிடித்த கைகள், தூங்கி விழும் தலைகள், பையை மடியில் வைத்த விதம். குடைப் பெண் எங்கிருந்து வந்தாள், இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற வித்தியாசம் எனக்கு அங்கேதான் புரிந்தது.

நானும் ஒரு சின்ன நோட்டு வாங்கினேன். அந்த வருடப் பொங்கல் ஏற்கெனவே முடிந்திருந்தது. தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் பெண்கள் வரிசையாகப் பானை வைத்ததை நினைவில் தேடித் தேடிப் போட்டேன். எல்லோரும் பானையைப் பார்த்துக் குனிந்திருக்க, ஒருத்தி மட்டும் புகைக்கு முகத்தைத் திருப்பி முந்தானையால் கண்ணை ஒற்றுவாள். இரண்டாம் முறை தேர்வில் திருவிழா என்று தலைப்பு வந்தபோது அவளைத்தான் முன்னால் பெரிதாக வைத்தேன். கை நடுங்கவே இல்லை.

டிசைனுக்குத் தனியாக அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெக்ஸ்டைல் பிரிவு வைத்திருப்பதைப் பாருங்கள், ஒரு வடிவம் திரும்பத் திரும்ப வரும்போது இடையில் விடும் வெற்றிடமும் ஒரு வடிவமாகிறது. வாசலில் புள்ளிக் கோலம் போட்ட கைக்கு இது புதிதல்ல, அம்மாவிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

கண்காட்சியை விட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது ஒரு டெமான்ஸ்ட்ரேஷன். மூத்த ஓவியர் ஒருவர் ஒரு ஆளை எதிரே உட்கார வைத்து, எல்லோர் முன்னாலும் முகம் வரைந்தார். முதல் இருபது நிமிடம் கண்ணும் வரவில்லை, மூக்கும் வரவில்லை. இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே என்று பெரிய பெரிய திட்டுகள்தான். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் பொறுமை இழந்து எழுந்தே போய்விட்டார். அப்புறம் நாலைந்து சின்னத் தீற்றலில் ஆள் வந்துவிட்டார். அவர் பேசியதெல்லாம் மராத்தி, எனக்குப் பாதிதான் புரிந்தது. கை செய்வதைப் பார்க்க அந்தப் பாதியே போதுமானது. ஆகவே மொழியை நினைத்து இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளை விட்டுவிடாதீர்கள்.

பொது அறிவுக்கு கைடை மனப்பாடம் செய்வதை விட இந்த ஊரிலேயே நடந்து பார்ப்பது மேல். ஜே.ஜே. 1857இல் தொடங்கியது என்று படித்தால் மறந்துபோகும். 1887இல் முடிந்த சி.எஸ்.எம்.டி. கட்டடத்தின் சுவரில் இருக்கும் கல் இலைகளிலும் பறவைகளிலும் அந்தப் பள்ளி மாணவர்களின் கை இருக்கிறது என்று தெரிந்து அண்ணாந்து பார்த்தால் மறக்காது. கிராஃபர்ட் மார்க்கெட் வாசலுக்கு மேலே உள்ள புடைப்புச் சிற்பங்களை வடிவமைத்தவர் ஜே.ஜே.யில் ஆசிரியராக இருந்த லாக்வுட் கிப்ளிங். அஜந்தா ஓவியங்களை 1872 முதல் பல வருடம் படியெடுத்தவர்களும் ஜான் கிரிஃபித்ஸ் தலைமையில் போன இதே பள்ளி மாணவர்கள்தான். 1947இல் முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சூசா இங்கே படித்து, வெளியேற்றப்பட்டவர். இப்படி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால் பெயர்கள் தானாக நிற்கும்.

ஆண்டுக் கண்காட்சி வருடத்துக்கு ஒரு முறைதான். மற்ற நாட்களுக்கு, தென் மும்பையில் காலரிகள் நிறைந்த காலா கோடா பகுதி இருக்கிறது. 1952இல் திறந்த ஜஹாங்கீர் ஆர்ட் காலரியில் நுழைவுக் கட்டணம் கிடையாது, படங்கள் அடிக்கடி மாறும், நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் ஓவியர்கள் முகம் வரைவதையும் பார்க்கலாம். எதிர்ப்பக்கம் தேசிய நவீன ஓவியக் காலரி, திங்கட்கிழமை மூடியிருக்கும். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ ஒன்பது நாள் காலா கோடா கலைவிழா நடக்கும்போது பட்டறைகளும் இருக்கும். சிலவற்றுக்கு முன்பதிவு வேண்டும், அதைத் தேடிச் செய்துவிடுங்கள்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் தம்பி தங்கைகள் இருந்தால் மாநில அரசு நடத்தும் எலிமென்டரி, இன்டர்மீடியட் டிராயிங் தேர்வுகளை எழுத வையுங்கள், தேர்வுக் கூடத்தில் நேரம் பார்த்து வரையும் பழக்கம் சின்ன வயதிலேயே வந்துவிடும். இன்னொன்று, இந்த மாநிலத்தில் வசிப்பவர் என்று காட்டும் டொமிசைல் சான்றிதழ். இங்கேயே பிறந்து வளர்ந்தாலும் காகிதம் கையில் இருந்தால்தான் மாநில ஒதுக்கீட்டில் கேட்க முடியும். அப்பாவின் பழைய ரேஷன் கார்டைத் தேடியே எங்கள் வீட்டில் மூன்று வாரம் போனது. விண்ணப்பத்துக்கு வெகு முன்னாலேயே அதை வாங்கி வையுங்கள்.

கண்காட்சிக்குப் போகும்போது நோட்டும் இரண்டு பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு ஃபோனை எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரல் லைனில் மெகா பிளாக், அதாவது பராமரிப்புக்காக ரயில்களைக் குறைப்பது, இருந்தால் சயானில் இருந்து போய்ச் சேரவே பாதி நாள் ஆகிவிடும், சனிக்கிழமை காலையிலேயே கிளம்புங்கள்.