1913-இல் இப்படியொரு படம்

'ட்ராஃபிக் இன் சோல்ஸ்'. நியூயார்க்கில் இளம்பெண்களை ஏமாற்றிக் கடத்தி விபச்சாரத்தில் தள்ளும் கும்பலைப் பற்றிய மௌனப் படம். பரபரப்பை நம்பி எடுத்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் இயக்குநர் ஜார்ஜ் லோன் டக்கர் அதைச் சொன்ன விதம் அசத்துகிறது.

கும்பலின் தலைவன் ட்ரூபஸ் ஊரறிய ஒழுக்கச் சீர்திருத்தச் சங்கத் தலைவர். கீழ்த்தளத்தில் அடியாள் எழுதும் வசூல் கணக்கு, மின்கருவி வழியாக மாடியில் அவர் மேசையில் அப்படியே வந்து விழுகிறது. அவர் கை அழுக்காவதே இல்லை! அதே அலுவலகத்தில் வேலைக்குச் சேரும் மேரி, ஒட்டுக்கேட்கும் கருவியில் தன் தங்கையைக் கடத்தியவனின் குரலைக் கேட்டுவிடுகிறாள். மௌனப் படத்தில் ஒரு குரல்தான் திருப்பமே. அதை நம்மையும் கேட்க வைக்கிறார் டக்கர்.

அப்புறம் அந்தத் தெருக்கள். நிஜ நியூயார்க் வீதிகள், நிஜக் கூட்டம். கடத்துபவனும் தப்பிக்கப் பார்ப்பவளும் போலீசும் மாறி மாறி வரும் படத்தொகுப்பில் இன்றைக்கும் பதைபதைப்பு குறையவில்லை. பிரசங்கமே கிடையாது. மௌனப் படம் என்றாலே மிகை நடிப்பு என்று ஒதுக்குபவர்கள் இதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.