பெரியப்பாவும் ஓர் ஏகாரமும்

கடந்த மாசியில், மலேசியாவின் பட்டர்வொர்த்தில் என் பெரியப்பாவின் பதினாறாம் நாள் கிரியை முடிந்து, இரண்டாம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், துக்கம் விசாரிக்க வந்திருந்த எங்கள் சபை மூப்பர் ஒருவர் என்னை வாசலுக்கு அழைத்துக் குரலைத் தாழ்த்தி, "கடைசி நாள்களில் அவருக்குச் சுவிசேஷம் சொன்னீர்களா, தம்பி?" என்று கேட்டார். அவர் கெட்ட மனிதர் அல்லர். என் அம்மா மருத்துவமனையில் கிடந்த மூன்று வாரமும் மாலைதோறும் வந்து ஜெபித்துவிட்டுப் போனவர். அவர் கேட்டதும் அக்கறையால்தான். ஆனால் அந்தக் கேள்விக்குள் 'கிறிஸ்துவை ஏற்காமல் போனவருக்கு இரட்சிப்பு உண்டா' என்ற இன்னொரு கேள்வி ஒளிந்திருந்தது என்பதும், அதை வாய்விட்டுக் கேட்க அவருக்கும் மனம் வரவில்லை என்பதும் எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது. நான் "பேசியிருக்கிறோம்" என்று மட்டும் சொன்னேன்.

உண்மையில் முப்பது ஆண்டுகளாகப் பேசியிருக்கிறோம். என் அப்பா இருபத்திரண்டு வயதில் ஞானஸ்நானம் பெற்றவர். அண்ணனான பெரியப்பா கடைசிவரை சைவர். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தவர், ஜூலை 26 வந்தால் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத் திருவிழாவுக்கும் போவார். முழங்கை நீள மெழுகுவர்த்தி ஒன்றை வாங்கி, நெற்றித் திருநீறு வியர்வையில் கரைய வரிசையில் நின்று ஏற்றிவிட்டு, அதன் அடியில் வழிந்த மெழுகில் ஒரு துண்டைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அங்கே அவரைப் போன்ற இந்துக்களும் சீனர்களும் நூற்றுக்கணக்கில் நிற்பார்கள். சீர்திருத்தச் சபைகளில் ஒன்றான மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த நான் அந்தக் கத்தோலிக்க ஆலயத்துக்கு அவரை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர் மட்டுமே. எங்கள் சபையில் மெழுகுவர்த்தி மின்சாரம் போனால்தான் வெளியே வரும்.

பெரியப்பா படகுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் அவருடைய வாதமும் துறையிலிருந்தே வரும். தீவுக்குப் போக முன்பு படகு மட்டும் இருந்தது. 1985இல் பாலம் வந்தது. 2014இல் இரண்டாம் பாலம் வந்தது. எதில் போனாலும் இறங்குவது பினாங்கில்தானே என்பார். கூடவே திருமூலரையும் துணைக்கு அழைப்பார். "ஒன்றது பேரூர் வழியா றதற்குள" என்று தொடங்கும் அந்த மந்திரம், ஒரே பேரூருக்கு ஆறு வழிகள் இருப்பதுபோலத்தான் ஆறு சமயங்களும் என்று சொல்லி, இது நன்று, அது தீது என்று வாதாடுகிறவர்களை மலையைப் பார்த்துக் குரைக்கும் நாய்க்கு ஒப்பிடுகிறது. அந்தக் கடைசி அடி வரும்போது பெரியப்பா என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

என் பதிலும் பினாங்கிலிருந்தே வந்தது. படகும் இரண்டு பாலங்களும் ஒரே தீவில் போய் முடிகின்றன என்று ஒருவர் உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், அவர் பினாங்கின் கொடிமலை உச்சியில் நின்று மூன்றையும் ஒருசேரப் பார்த்திருக்க வேண்டும். கரையில் வரிசையில் நிற்கிற நமக்கு அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? "எல்லா வழியும் ஒன்றே" என்பது கேட்பதற்கு அடக்கமாக இருந்தாலும், எல்லாச் சமயங்களுக்கும் மேலே நின்று தீர்ப்புச் சொல்லும் கூற்று அது. இந்த வாதத்தை நான் லெஸ்லி நியூபிகினிடமிருந்து கற்றேன். ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஊழியராக 1936இல் தமிழகம் வந்த அவர், தமிழ் கற்று, காஞ்சிபுரத்தில் இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளுடன் தரையில் அமர்ந்து உபநிடதத்தையும் யோவான் சுவிசேஷத்தையும் மாறி மாறிப் படித்து, 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை, இராமநாதபுரம் பேராயரானவர்.

சைவமும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பதில்லை என்பதைப் பெரியப்பாவே ஒப்புக்கொள்வார். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம் என்ற பகுதி முழுவதும் பிற மதங்களை மறுப்பதுதான். உயிர் புறச்சமயங்களில் நின்று, அகச்சமயங்களில் புகுந்து, இறுதியில் சைவத்தை அடைகிறது என்பது சித்தாந்தம் போடும் வரிசை. ஆக, பெரியப்பா என்னை ஏணியின் கீழ்ப்படியில் வைத்திருந்தார். எங்கள் மூப்பரோ அவரை ஏணிக்கே வெளியே நிறுத்தினார். இந்த வேறுபாடு குணத்தால் வந்ததன்று. சைவருக்குப் பிறவிகள் பல. இந்தப் பிறவியில் தவறினால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம் என்பதால் அவருக்கு அவசரமில்லை. எங்களுக்கோ, ஒரேதரம் மரிப்பதும் பின்பு நியாயத்தீர்ப்படைவதும் நியமிக்கப்பட்டிருக்கிறது என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது. ஒரே வழி என்ற நம்பிக்கை ஒரே பிறவி என்ற நம்பிக்கையோடு சேரும்போதுதான் அது மரண வீட்டு வாசலில் இப்படிக் குத்துகிறது.

இனி, ஒரே வழி என்ற நம்பிக்கைக்கு அடிப்படையான வசனம். "நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன், என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" என்பது யோவான் 14:6. ஏகார இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள் சொல்கிறார். 'நானே' என்பதைத் தேற்றமாகக் கொண்டால், 'ஐயம் வேண்டாம், நான்தான்' என்று உறுதி கூறும் குரல் கேட்கிறது. பிரிநிலையாகக் கொண்டால், 'பிறர் அல்லர், நான் ஒருவனே' என்று மற்றவர்களை விலக்கும் குரல் கேட்கிறது. பெரியப்பாவை எப்படியாவது உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும் என்ற ஆசையில் சில காலம் நான் தேற்றேகாரத்தின் கீழ் ஒதுங்கியிருந்தேன். ஆனால் அடுத்த வாக்கியத்தில் 'என்னாலேயல்லாமல்' என்று வருகிற ஏகாரம் அந்தக் கூரையைப் பிரித்துவிடுகிறது. அங்கே பிரிநிலை தவிர வேறு பொருளுக்கு இடமில்லை. "என் வழியாய் அன்றி எவரும் தந்தையிடம் வருவதில்லை" என்ற கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பிலும் தப்பிக்க வழியில்லை. இலக்கணத்தைக் கொண்டு இந்த வசனத்தை மழுக்குகிறவர்கள் அதை நேர்மையாகப் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன். அந்தக் குற்றத்தை நானும் செய்திருக்கிறேன்.

எனினும் இது யாரிடம், எப்போது சொல்லப்பட்டது என்பதை நம் பிரசங்கங்கள் மறந்துவிடுகின்றன. இயேசு மரணத்துக்கு முந்திய இரவில், கலங்கிப்போன சீஷர்களிடம், "உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக" என்று தொடங்கிப் பேசுகிறார். "நீர் போகிற இடத்தை அறியோமே, வழியை நாங்கள் எப்படி அறிவோம்" என்று தோமா கேட்கிறார். அதற்கு வந்த பதில்தான் 14:6. மயிலாப்பூருக்கு வந்து பரங்கிமலையில் உயிர்விட்டதாகத் தமிழ்க் கிறிஸ்தவ மரபு போற்றுகிற அதே தோமா. வழி தெரியவில்லை என்று அழாத குறையாகக் கேட்ட தன் ஆளுக்குச் சொன்ன ஆறுதலை, கேள்வியே கேட்காத பக்கத்து வீட்டுக்காரரின் மேல் தீர்ப்பாக வீசுகிறோம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூன்று வசனங்களுக்கு முன்பு, "நான் மறுபடியும் வந்து உங்களை என்னிடத்தில் சேர்த்துக்கொள்ளுவேன்" என்கிறார். பெரியப்பாவின் உவமையில் நாம்தான் கடலைக் கடக்கிறோம். இங்கே அக்கரையிலிருந்து ஒருவர் வந்து நம்மை ஏற்றிக்கொள்கிறார். சீட்டு எடுக்கிற வேலையும் நம்முடையதன்று.

திருச்சபை வரலாற்றில் இந்த நம்பிக்கை பட்ட பாடு ஒரு தனிக் கதை. திருச்சபைக்கு வெளியே இரட்சிப்பு இல்லை என்ற புகழ்பெற்ற தொடர், மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான், பிரிந்துபோன கிறிஸ்தவக் குழுக்கள் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லுமா என்ற சண்டையில் எழுதியது. இந்துவையோ பௌத்தரையோ மனத்தில் வைத்து எழுதியதன்று. 1302இல் போப் எட்டாம் போனிஃபாஸ் அதைப் போப்புக்குக் கீழ்ப்படிவதோடு கட்டிவைத்தார். 1442இல் கத்தோலிக்கத் திருச்சபையின் ஃபிளாரன்ஸ் சங்கம் புறமதத்தார் யாவரும் நித்திய அக்கினிக்கே என்று எழுதி ஐம்பது ஆண்டு முடிந்த சில மாதங்களில் கொலம்பஸின் கப்பல் அமெரிக்காவைத் தொட்டது. இயேசுவின் பெயரையே கேட்டிராத ஒரு கண்டம் கண்முன் வந்து நின்றபோது இறையியலாளர்களுக்குத் தூக்கம் போயிற்று. பிற்பாடு பாஸ்டன் குருவானவர் லெனார்ட் ஃபீனி அந்தத் தொடரை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டு பிரசங்கித்தபோது, அது திருச்சபையின் கருத்தன்று என்று 1949இல் ரோமிலிருந்து கடிதம் வந்தது. 1953இல் அவரே திருச்சபைக்கு வெளியே தள்ளப்பட்டார். தம் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாதிருந்தும், உண்மை மனத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சியின்படி நடப்பவர்கள் மீட்படையக்கூடும் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதியது. சீர்திருத்தச் சபைகளுக்கு இப்படி ஒரே வாய் கிடையாது. 1938இல் தாம்பரத்தில் கூடிய உலக மிஷனரி மாநாட்டிலேயே பிற சமயங்களுக்கும் சுவிசேஷத்துக்கும் தொடர்ச்சி இல்லை என்ற டச்சு இறையியலாளர் ஹென்ட்ரிக் கிரேமர் ஒரு பக்கமும், அதை மறுத்த செஞ்சையா, சக்கரை முதலிய இந்தியக் கிறிஸ்தவர்கள் மறுபக்கமுமாக நின்ற வாதம் எங்களிடம் இன்னும் முடியவில்லை.

கார்ல் ரானர் என்ற ஜெர்மானிய இறையியலாளர், பிற சமயத்தில் இருந்துகொண்டே கிருபையால் வாழ்கிறவர்களைப் 'பெயரறியாக் கிறிஸ்தவர்கள்' என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது, "அப்படியானால் நீ பெயரறியாச் சைவன்" என்று சொல்லிவிட்டுக் கோப்பியை உறிஞ்சினார். அத்தோடு அந்தக் கருத்தை நான் மூட்டை கட்டிவிட்டேன். ஒரு மனிதர் தம்மை யார் என்று சொல்கிறாரோ அதை நம் வசதிக்காக மாற்றி எழுதுவது மரியாதையன்று.

நான் நிற்கும் இடம் நியூபிகின் நின்ற இடத்துக்குப் பக்கத்தில். இரட்சிக்கிறவர் கிறிஸ்து ஒருவரே என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைப் பெரியப்பாவின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் இரட்சிக்கிறவர் யார் என்று சொல்வது வேறு, இரட்சிக்கப்பட்டவர் யார் யார் என்று பெயர்ப்பட்டியல் போடுவது வேறு. முன்னதை வேதம் எனக்குச் சொல்லியிருக்கிறது. பின்னதை என் கையில் கொடுக்கவில்லை. "கர்த்தாவே! கர்த்தாவே!" என்று அழைத்தவர்கள் சிலர் வெளியே நிற்பதும், மத்தேயு 25இல் பசித்தவனுக்குச் சோறு போட்டவர்கள் "உம்மை எப்போது பார்த்தோம்" என்று திகைப்பதும் அந்தப் பட்டியலில் எதிர்பாராத பெயர்கள் இருக்கும் என்பதையே காட்டுகின்றன. அப்படியானால் எதற்குச் சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்று மூப்பர் கேட்பார். நல்ல செய்தி என்பதால்தான். சொல்லாவிட்டால் கேட்காமல் போனவர் நரகத்தில் எரிவார் என்ற கணக்கால் அன்று. இந்த நாட்டில் அரசியலமைப்பின் 11ஆம் விதியும் அதையொட்டிய மாநிலச் சட்டங்களும் முஸ்லிம்களிடம் மதம் பரப்புவதைக் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே தமிழ்க் கிறிஸ்தவர் பேசுவது பெரும்பாலும் சொந்தச் சித்தப்பாவிடமும் அத்தையிடமும்தான். ஒரே பானையில் உண்பவர்களிடம் பயமுறுத்திப் பேச முடியாது. பேசினால் அடுத்த தீபாவளிக்கு அழைப்பு வராது.

மூப்பரிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. உள்ளே போனபோது பெரியம்மா சாமி அறையிலிருந்து நாளிதழில் சுற்றிய நீளமான ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார். சென்ற ஆண்டுத் திருவிழாவில் இரண்டாக வாங்கி, ஒன்றை இந்த ஜூலைக்கென்று பெரியப்பா வைத்திருந்தாராம். "நீதானே வருஷாவருஷம் கூட்டிக்கொண்டு போவாய்" என்றார். இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் எங்கள் சபையில் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டேன். வெயிலில் வளைந்துவிடக்கூடாது என்று காரின் பின் இருக்கையில் நீளவாக்கில் கிடத்தி, மேலே என் துண்டைப் போட்டு மூடினேன்.