நாற்பத்தொரு வயதில் பத்தாம் வகுப்புக் கணக்கு

2006ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பத்தொன்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்த நான், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர் மேசையில் உட்கார்ந்து ஒரு கணக்கைத் தவறாகப் போட்டேன். வாட் வரி உட்பட ஒரு மின்கெட்டிலின் விலை 570 ராண்ட். வரி 14 விழுக்காடு. வரி சேராத விலை என்ன? 570இல் 14 விழுக்காட்டைக் கண்டு, அதைக் கழித்து, 490 ராண்ட் 20 சென்ட் என்று எழுதி, அடிக்கோடும் இட்டேன். பக்கத்தில் இருந்தவரின் தாளை ஓரக்கண்ணால் பார்த்தபோது அங்கும் அதே விடை இருந்தது. மனம் நிம்மதி அடைந்தது.

விரிவுரையாளர் அதைத் தவறு என்று சொல்லவில்லை. "கடைக்காரர் 490.20க்கு மேல் 14 விழுக்காடு வரியைச் சேர்த்து விற்கட்டும், என்ன வருகிறது பாருங்கள்" என்றார். கணிப்பான் 558.83 என்று காட்டியது. "மீதி பதினோரு ராண்ட் பதினேழு சென்ட் எங்கே போயிற்று?" என்று கேட்டுவிட்டு அவர் சன்னலோரம் போய் நின்றுகொண்டார். கணக்குப் பதிவியல் கற்பித்துவந்த ஒருவர் மட்டும், 1.14ஆல் வகுத்தால் 500 வரும் என்று மெல்லச் சொன்னார். ஏன் வகுக்க வேண்டும் என்று கேட்டதற்கு அவராலும் விளக்க முடியவில்லை. பதினான்கு விழுக்காடு என்பது எதன் பதினான்கு விழுக்காடு என்ற கேள்வியை எங்களில் எவரும் அதுவரை கேட்டுக்கொண்டதில்லை. வரி கணக்கிடப்பட்டது 500இன் மேல். நாங்கள் கழித்ததோ 570இன் பதினான்கு விழுக்காட்டை. அந்த ஒரு கணக்கில் முக்கால் மணி நேரம் போயிற்று. இரண்டு ஆண்டுப் பயிற்சியில் எனக்குக் கிடைத்தவற்றுள் மிக மதிப்புள்ள முக்கால் மணி நேரம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

நான் கணக்கு ஆசிரியை அல்லள். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்று, பிறகு டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்து, டர்பனில் இந்திய வம்சாவளியினர் மிகுந்த சாட்ஸ்வொர்த்தில் ஒரு பள்ளியில் தமிழும், அட்டவணையில் இடம் இருக்கும்போது வரலாறும் கற்பித்தவள். தொண்ணூறுகளின் நடுவில் ஆசிரியர் எண்ணிக்கையைச் சீர்செய்யும் திட்டம் வந்தபோது, விருப்ப ஓய்வுப் பணத்தைப் பெற்றுக்கொண்டு வெளியேறியவர்களில் அனுபவம் மிக்க கணக்கு ஆசிரியர்கள் பலர் இருந்தனர். எங்கள் பள்ளியில் மட்டும் இருவர் போனார்கள். தமிழ் எடுக்கும் பிள்ளைகளும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தார்கள். 2005 முடிவில் என் தமிழ் வகுப்பில் ஏழு பேர்தான் இருந்தனர். ஏழு பேருக்காக ஓர் ஆசிரியையை வைத்திருக்க முடியாது என்று தலைமையாசிரியர் சொன்னதில் நியாயம் இருந்தது. சொன்ன விதத்தில்தான் இல்லை.

அதே நேரத்தில் நாட்டின் பாடத்திட்டம் மாறியது. அதுவரை ஒன்பதாம் வகுப்போடு கணக்கை விட்டுவிடலாம். 2006 சனவரி முதல், பத்தாம் வகுப்பில் நுழையும் ஒவ்வொரு பிள்ளையும் கணிதத்தையோ, அன்றாடக் கணக்கறிவை நோக்கமாகக் கொண்ட மேத்தமெட்டிக்கல் லிட்டரசி என்ற புதிய பாடத்தையோ எடுத்தே ஆக வேண்டும் என்றாயிற்று. பள்ளிகளில் அதை 'மேத்ஸ் லிட்' என்றே சொல்வோம். 2008இல் அதற்கு முதல் மெட்ரிக் தேர்வு, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு. பாடம் வந்துவிட்டது, பிள்ளைகள் வந்துவிட்டார்கள், கற்பிக்க ஆளில்லை. எனவே தட்டச்சு, மனையியல், புவியியல், தமிழ் என்று எந்தப் பாடத்தில் ஆள் மிஞ்சியிருந்ததோ அங்கிருந்தெல்லாம் ஆசிரியர்களைப் பிடித்து, சனிக்கிழமைகளிலும் பள்ளி விடுமுறைகளிலும் இரண்டாண்டு சான்றிதழ்ப் படிப்புக்கு அனுப்பினார்கள்.

அந்த அறையில் பாதிக்கு மேற்பட்டோர் டர்பனுக்குத் தெற்கே உள்ள கறுப்பினக் குடியிருப்பான உம்லாசியிலிருந்தும் அதற்கப்பால் உள்ள ஊர்களிலிருந்தும் வந்த சூலு ஆசிரியர்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தாழ்ந்த தனிக் கல்வியை வகுத்த 1953ஆம் ஆண்டின் பாந்து கல்விச் சட்டத்தின் நிழலில் படித்தவர்கள். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் வெர்வோர்ட், நடைமுறையில் பயன்படுத்த வழியில்லாத கணிதத்தைக் கறுப்பினப் பிள்ளைக்குக் கற்பிப்பதால் என்ன பயன் என்று வெளிப்படையாகவே கேட்டவர். நான் ஐந்தாண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் படித்து மறந்தவள். என் பக்கத்தில் அமர்ந்த ஸிஸியின் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குமேல் கணக்கே இல்லை. மறந்ததை மீட்பதும் இல்லாததைக் கட்டுவதும் ஒரே வேலை அல்ல. எங்களுக்குக் கொடுத்த புத்தகமோ இருவருக்கும் ஒன்றுதான்.

ஊதியப் படி உயரும் என்பதற்காகவே பலர் வந்தார்கள் என்று அப்போதே சிலர் குறைகூறினார்கள். மூன்றாண்டுப் பட்டயம் மட்டும் வைத்திருந்தவர்களுக்கு இந்தச் சான்றிதழ் நான்காவது ஆண்டாகக் கணக்கில் சேர்ந்தது உண்மை. பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, விடியற்காலையில் இரண்டு டாக்சி மாறி, ஈராண்டுச் சனிக்கிழமைகளைக் கொடுத்தவர் அதற்குக் கூலி எதிர்பார்க்கக் கூடாது என்பது எனக்கு விளங்காத தருமம்.

பயிற்சியில் சில பகுதிகள் வெறும் சுமை. முதலாமாண்டுப் பல்கலைக்கழகக் கணிதத்தை நீர்க்கக் கரைத்து ஒரு பாடமாக வைத்திருந்தார்கள். வகையிடல் விதிகளை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி எழுபத்தெட்டு மதிப்பெண் வாங்கினேன். அடுத்த மாதமே அவை நினைவில் இல்லை. மேலே ஒரு மாடி கட்டினால் கீழ்த்தளம் தானே உறுதியாகிவிடும் என்ற நம்பிக்கையில் அமைத்த பாடம் அது. எங்களுக்கு ஆட்டம் கண்டிருந்தது கீழ்த்தளம்: விழுக்காடு, விகிதம், பின்னம், எதிர்மறை எண், அலகு மாற்றம். ஏழாம் வகுப்புப் பொருள் என்று ஒதுக்கப்படும் இவற்றை வயதுவந்த ஆசிரியர்களிடம் மறுபடி எடுப்பது அவர்களை அவமதிப்பதாகும் என்று திட்டமிட்டவர்கள் அஞ்சியிருக்கலாம். எடுக்கும் விதம் தெரிந்தவர் எடுத்தபோது எவரும் அவமானப்படவில்லை. அந்த மின்கெட்டில் கணக்கை நான் இன்னும் நினைவில் வைத்திருப்பதே அதற்குச் சான்று.

2007இல் தென்னாப்பிரிக்காவின் ஆறாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர்களுக்கு, தெற்கு, கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் கூட்டாக நடத்திய ஆய்வின் பகுதியாக ஒரு தேர்வு வைக்கப்பட்டது. அதன் தரவுகளைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், அந்த ஆசிரியர்களில் 79 விழுக்காட்டினரின் கணக்கறிவு ஆறு, ஏழாம் வகுப்பு நிலைக்குக் கீழே இருந்ததாகக் கண்டார்கள். அந்த எண்ணைச் சொல்லி ஆசிரியர்களை ஏளனம் செய்தவர்கள் உண்டு. முன்னாள் மாணவர் ஒருவரின் திருமண வீட்டில், பந்தியில் எதிரே இருந்தவர் என்னிடமே அதைச் சொல்லிச் சிரித்தார். 570 ராண்ட் கணக்கைச் சொல்லி விடை கேட்டேன். அவர் சொன்ன விடை 490.20.

இரண்டாம் ஆண்டில் ஒரு விரிவுரையாளர் என் வகுப்பைப் பார்க்க வந்தார். பயண நேரம் பற்றிய பாடம். நான் விதியை அழகாகச் சொல்லி, எடுத்துக்காட்டுப் போட்டு, பயிற்சி கொடுத்து, விடைகளைச் சரிபார்த்தேன். தமிழ்ப் புணர்ச்சி விதி நடத்துவது போலவே ஒழுங்காக நடந்தது. முடிந்ததும் அவர் என் பாடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், மூன்றாவது வரிசைப் பையனின் ஏட்டைக் காட்டி, "இவன் எப்படி யோசித்தான்?" என்று மட்டும் கேட்டார். அவன் 2.5 மணி நேரத்தை 2 மணி 50 நிமிடம் என்று எழுதியிருந்தான். நான் பெருக்கல் குறி போட்டுவிட்டுக் கடந்துபோயிருந்தேன். அவனிடம் கேட்டபோது, புள்ளிக்குப் பின்னால் வருவது நிமிடம்தானே, ராண்டும் சென்டும் அப்படித்தானே என்றான். ஐந்தை ஐம்பதாக எடுத்துக்கொள்ளப் பணக்கணக்கே அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அவன் ஒரு விதியைச் சரியாகவே பின்பற்றியிருந்தான். அது நேரத்துக்குரிய விதி அல்ல, அவ்வளவே. 'இரண்டரை மணி' என்று சொல்லும் மொழியில் வளர்ந்தவர் இந்தத் தவறைச் செய்வது அரிது என்று அன்றிரவு தோன்றியது. அரை, கால், முக்கால் என்பவை காதில் விழும்போதே பங்குகளாக விழுகின்றன. புள்ளி ஐந்து அப்படி விழுவதில்லை.

அன்றுமுதல் நான் என் பழைய தொழிலை விட்டுவிட்டதாக நினைப்பதை நிறுத்தினேன். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி, ஆனால் கணக்கு ஆங்கிலத்தில்தான். விலையின் 20 விழுக்காடு, விலையில் 20 விழுக்காடு தள்ளுபடி என்று நாம் தமிழில் தெளிவாகப் பிரித்துச் சொல்லும் இரண்டும், ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடிக் குறைவதால் மட்டுமே வேறுபடும் of, off என்ற சிறு சொற்களால் குறிக்கப்படுகின்றன. அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காத பிள்ளை 400 ராண்ட் காலணிக்கு 80 ராண்ட் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறது. வேற்றுமை உருபு மாறினால் பொருள் மாறும் என்று இருபது ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தவளுக்கு இதைக் கற்பிக்கத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை. கணக்குப் பட்டம் பெற்ற இளம் ஆசிரியர் ஒருவர் இதைக் கணக்கே அல்ல என்றார். விடைத்தாள்கள் அப்படிச் சொல்லவில்லை.

மதிய உணவு வேளையில், அவித்த மடும்பிக் கிழங்கை உப்புத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டே ஸிஸி எனக்குச் சூலு எண்களைச் சொல்லித் தந்தார். எட்டுக்கு இசிஷியகலோம்பிலி, ஒன்பதுக்கு இசிஷியகலோலுன்யே: இரண்டு விரலை விடு, ஒரு விரலை விடு. விரல்களை மடக்கிக் காட்டினார். நான் பதிலுக்குத் தொண்ணூறையும் தொள்ளாயிரத்தையும் சொன்னேன். எண்பதுவரை பத்தை வைத்து எண்ணி வரும் தமிழ், தொண்ணூறில் வந்ததும் அடுத்த படியில் உள்ள நூறைக் கடன் வாங்குகிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரத்தை. நன்னூல் இதற்கென்று ஒரு விதியே வைத்திருக்கிறது. நிறைவுக்கு ஒரு படி முன்னே நின்று, குறைவதைச் சொல்லி எண்ணும் பழக்கம் இரண்டு மொழியிலும் இருக்கிறதே என்று இருவரும் வியந்தோம். பின்னர் எதிர்மறை எண்களை எட்டாம் வகுப்பில் தொடங்கும்போது அவர் இந்த விரல்களிலிருந்தே தொடங்கினார் என்று அறிந்தேன்.

நாங்கள் பெற்றது இரண்டாண்டுப் பயிற்சி. பிற்பாடு வந்தவர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை. 2008 முதல் 2013 வரை மெட்ரிக் கணிதத்தில் யூக்ளிட் வடிவியல் விருப்பப் பாடமான மூன்றாம் தாளில் ஒதுங்கிக் கிடந்தது. பெரும்பாலான பள்ளிகள் அதைத் தொடவே இல்லை. புதிய பாடத்திட்டம் 2012இல் பத்தாம் வகுப்பில் தொடங்கி, 2014 மெட்ரிக்கில் வடிவியலை மீண்டும் கட்டாயமாக்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளி முடித்து ஆசிரியரானவர்கள் வட்ட நாற்கரத்தை நிறுவலோடு ஒருமுறைகூடப் படிக்காமல் அதைக் கற்பிக்க வேண்டியதாயிற்று. எங்களைப் போன்ற மூத்தவர்களோ வடிவியல் படித்திருந்தோம், நிகழ்தகவு படிக்கவில்லை. இந்த இரு கூட்டத்தையும் ஓர் அறையில் உட்காரவைத்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க விட்டிருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும்.

நடந்தது வேறு. பாட ஆலோசகருக்கு ஒரு வாரப் பயிற்சி; அவர் எங்களுக்கு மூன்று நாள்; நாங்கள் எங்கள் பள்ளியில் மற்றவர்களுக்கு ஒரு பிற்பகல். மேலே குடத்தால் ஊற்றியது கீழே சொட்டாக வந்து சேர்ந்தது. மூன்று நாளும் திரையில் தேற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. மையக்கோணம் பரிதிக்கோணத்தின் இருமடங்கு என்பதை ஆரத்தால் இரண்டு இருசமபக்க முக்கோணங்களாகப் பிரித்துக் காட்டினால் பத்து நிமிடத்தில் பிள்ளைகளே நிறுவிவிடுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தை எங்களுக்குத் தரவில்லை. தேநீர் இடைவேளையில் ஓர் இளம் ஆசிரியை என்னிடம் வந்து, யாரும் கேட்காத குரலில், நாண் என்றால் விட்டமா என்று கேட்டார். காகிதத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்து, பேனாவால் அதன்மேல் வட்டத்தை வரைந்து, மணி அடிக்கும்வரை இருவரும் கோடு போட்டுக்கொண்டிருந்தோம்.

ஸிஸி சான்றிதழ் பெற்ற அடுத்த ஆண்டே அவருடைய பள்ளி அவருக்குச் சமூக அறிவியல் வகுப்புகளைக் கொடுத்தது. அட்டவணை போடும் துணைத் தலைமையாசிரியருக்கு இடம் நிரப்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான் காரணம். ஈராண்டுச் சனிக்கிழமைகள் ஒரு பென்சில் கோட்டில் போயின. மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் அவருக்குக் கணக்கு வகுப்பு கிடைத்தது. என்னை அந்த விதத்தில் அதிர்ஷ்டசாலி என்றே சொல்ல வேண்டும்.

2018 ஏப்ரல் முதல் தேதி வாட் வரி 15 விழுக்காடாக உயர்ந்தது. பாடநூலில் இருந்த விடைகள் ஒரே நாளில் பழையனவாயின. விடுமுறை முடிந்து வந்த வாரம், மின்கெட்டிலின் விலையை 575 ராண்டாக மாற்றிப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கைக் கொடுத்தேன். முப்பத்தெட்டுத் தாள்களில் இருபத்தொன்றில் 488 ராண்ட் 75 சென்ட் என்று எழுதி, சிலவற்றில் அடிக்கோடும் இட்டிருந்தது. எதிலும் சிவப்பு மை படாமல் அந்த இருபத்தொன்றையும் தனியே எடுத்துவைத்தேன். மறுநாள் காலை கரும்பலகையில் 488.75 என்று மட்டும் எழுதிவிட்டு, இதற்குமேல் வரியைச் சேர்த்துப் பாருங்கள் என்று சொல்லி, நானும் சன்னலோரம் போய் நின்றுகொண்டேன்.