மூச்சு வாங்குகிறவருக்கு நடை எதற்கு?

பெரியப்பாவைப் பார்க்க வருகிற உறவினர்கள் சொல்லிவைத்தாற்போல் ஒரே புத்திமதிதான் சொல்வார்கள்: "அசையாமல் இருங்கள்." நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்; நீண்டகாலச் சுருட்டின் உபயம். இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சொன்னதோ நேர் எதிர்: மூச்சு வாங்கினாலும் நடக்கவேண்டும்!

கெட்டுப்போன நுரையீரலைப் பயிற்சி திருத்தாது. ஆனால் இளைப்புக்குப் பயந்து கதிரையிலேயே இருந்தால் தொடைத் தசை கரைகிறது. பலமிழந்த தசை சின்ன வேலைக்கும் கூடுதல் காற்றுக் கேட்கிறது. இளைப்பு இன்னும் கூடுகிறது. அந்தச் சுழலைத்தான் பயிற்சி அறுக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட மீளாய்வு, 65 மருத்துவச் சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, இளைப்புக் குறைவதையும் நடக்கும் திறன் கூடுவதையும் காட்டியது.

முதலில் 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளக்கிறார்கள். பிறகு வழமையாக 6 முதல் 12 கிழமை வரை நடை, கதிரையிலிருந்து எழும்பி இருத்தல், கைக்குச் சிறு பாரம். கூடவே உதட்டைக் குவித்து மெல்ல ஊதி மூச்சு விடும் பழக்கம்; அவசரமாக விட்டால் நுரையீரலின் சிறு காற்றுக்குழாய்கள் மூடிக் காற்று உள்ளே அடைபட்டுவிடும்.

பெரியப்பா இப்போது இன்ஹேலரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நல்லூர்ப் பக்கம் நடக்கிறார். வழியில் தேநீர்க்கடை இருப்பதுதான் உண்மையான காரணம் என்கிறார் பெரியம்மா.

விறகடுப்புப் புகையில் காலம் கழித்த அம்மம்மாமாருக்கும் இதே நோய் வரலாம். அடுத்த கிளினிக்கில் இயன்மருத்துவம் பற்றி ஒரு சொல் கேட்டுப்பாருங்கள்.