ஆறாயிரம் கார், நூற்றுப்பதினாறு கோடிப் பவுண் கடன்

பிரித்தானிய ஆடம்பரக் கார்க் கம்பனியான அஸ்ரன் மார்ட்டின் 2024 இல் விற்ற கார்கள் 6,030. ஒன்றின் சராசரி விலை ஏறக்குறைய 245,000 பவுண். அப்படியிருந்தும் வரிக்கு முந்திய நட்டம் 289 மில்லியன் பவுண், ஆண்டு முடிவில் நிகரக் கடன் (கையிலுள்ள காசைக் கழித்த கடன்) 1.16 பில்லியன். 1913 இல் தொடங்கிய கம்பனி, ஏழு தரம் முறிந்து எழும்பியது என்று பேர் வாங்கியது. அறிவியல்நகரில் வாகனத் தொழில்நுட்பமும் பொறியியலும் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

வன்னியில் இந்தச் சாதிக் கார் ஓடாது. ஏ9 இல் வேண்டுமென்றால் மாங்குளம் வரை வந்து சேரும். குளக்கட்டுக்கு ஏறும் கிரவல் றோட்டில் முதல் கிடங்கிலேயே முன் பம்பர் கழன்றுவிடும். ஆனால் கம்பனியின் நோயை இங்கே உள்ளவருக்கு விளக்குவது சுகம். உழவு இயந்திரத்தை லீசிங்கில் எடுத்தவர், நெல் விளைந்தாலும் அழிந்தாலும் மாதக் காசைக் கட்டியே ஆகவேண்டும். அஸ்ரன் மார்ட்டினும் அப்படித்தான் நிற்கிறது.

2024 மார்ச்சில் அது எடுத்த கடன்பத்திரங்கள் இரண்டு: 960 மில்லியன் டொலர் 10 சதவீத வட்டிக்கு, 400 மில்லியன் பவுண் 10.375 சதவீத வட்டிக்கு. இரண்டும் 2029 இல் முதிரும். பத்து சதவீதம் என்றே வைத்தால் ஆண்டு வட்டி 115 மில்லியனைத் தாண்டும். 6,030 ஆல் பிரியுங்கள்: ஒரு காருக்கு 19,000 பவுணுக்கு மேல். அதாவது தோல், அலுமினியம், இயந்திரம், சம்பளம் எதையும் எண்ணுவதற்கு முன்னமே ஒவ்வொரு கார் மீதும் ஒரு புதுச் சின்னக் காரின் விலை ஏறிவிடுகிறது. இதற்கு மேலே புது மாதிரிகளுக்கான முதலீடு 2024 இல் ஏறக்குறைய 400 மில்லியன்.

வட்டியைப் பார்த்ததும் எல்லா முகாமையாளருக்கும் வரும் எண்ணம் ஒன்றுதான்: கூட விற்போம். அங்கேதான் பிழை தொடங்குகிறது.

கார்க் கம்பனி கணக்கில் எழுதும் 'விற்பனை' பெரும்பாலும் முகவருக்கு அனுப்பியது. வாடிக்கையாளர் வாங்கியது வேறு கணக்கு. காலாண்டு முடிகிற கிழமையில் ஆளில்லாத கார்களை முகவரின் முற்றத்தில் தள்ளினால் அந்தக் காலாண்டு அழகாகத் தெரியும். முகவரோ அந்தக் காரை வங்கிக் கடனில்தான் வைத்திருக்கிறார். மூன்று மாதம் நின்றால் வட்டி கடிக்கும், தள்ளுபடி கொடுப்பார். 150,000 பவுண் கார் 130,000 க்குப் போனது தெரிந்தவுடன் போன வருடம் முழு விலைக்கு வாங்கியவரின் கார் 110,000 க்கு இறங்கும். அவர் திரும்பி வரமாட்டார். பெறுமதி இறக்கத்தைப் பார்க்கிற லீசிங் கம்பனியும் மாதக் கட்டணத்தை ஏற்றும். 150,000 பவுண் கார் மூன்று வருடத்தில் 60 சதவீதம் பெறுமதி வைத்திருந்தால், தேய்வு மாதத்துக்கு 1,667 பவுண். 50 சதவீதம்தான் என்றால் 2,083. இது வட்டி சேர்க்காத கணக்கு. அதே கார், அதே விலை, ஆனால் மாதம் 400 பவுணுக்கு மேல் கூட. அஸ்ரன் மார்ட்டின் பங்குகள் 2018 ஒக்ரோபரில் 19 பவுணுக்குச் சந்தைக்கு வந்தன. பின்னர் விலை சரிந்த கதையில் முகவர் முற்றத்தில் தேங்கிய கார்களுக்குப் பெரிய பங்குண்டு. 2020 இல் லோரன்ஸ் ஸ்ட்ரோல் தலைமையிலான முதலீட்டாளர்கள் வந்ததும் முதலில் செய்த வேலைகளில் ஒன்று அந்தத் தேக்கத்தைக் குறைத்தது. அந்த ஆண்டு அனுப்பியது 3,394 கார்கள் மட்டும். கொரோனாவும் சேர்ந்தது உண்மை, ஆனாலும் தெரிந்தே விழுங்கிய கசப்பு அது.

ஆகவே புது ஆள் பொறுப்பெடுத்தால் முதல் கிழமையில் தொழிற்சாலைக்குள் போகவேண்டாம். சேசிஸ் இலக்க வரிசையில் ஒரு அட்டவணை போடவேண்டும்: எந்தக் காருக்கு வாடிக்கையாளர் பெயர் உண்டு, எது பெயரில்லாமல் நிற்கிறது, எத்தனை நாளாய். உலகெங்கும் சுமார் 160 முகவர்கள். ஆண்டுக்கு 6,000 கார் என்றால் கிழமைக்கு 115. ஒரு முகவரிடம் சராசரி ஆறு கார் நின்றால் 960, அது எட்டுக் கிழமைக்குச் சமன். கப்பலில் வரும் நாளையும் சேர்த்துப் பார்த்தால் அது தாங்கும். பன்னிரண்டு கிழமையைத் தாண்டினால் உற்பத்தியைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. பெயரில்லாத காருக்குத் தோல் வெட்டக்கூடாது என்பதைச் சட்டமாக்க வேண்டும். முகவரின் விருப்பத் தெரிவுகளும் கட்டுவதற்குப் பன்னிரண்டு கிழமைக்கு முன்னமே பூட்டப்படவேண்டும்; கடைசி நேரத்தில் இருக்கைத் தையல் நூலின் நிறம் மாறினால்கூட அந்தக் கார் வரிசையை விட்டு வெளியேறி ஓரத்தில் நிற்கும், அதில் போட்ட காசும் கூடவே நிற்கும்.

பெராரி இதைச் செய்து காட்டியது. 1991 இல் மொன்ரெசெமோலோ தலைமைக்கு வந்தபோது ஆண்டுக்கு ஏறக்குறைய 4,500 கார்கள்; 1993 இல் அதன் பாதியளவுக்கு இறங்கின. குறைத்ததால்தான் காத்திருப்புப் பட்டியல் திரும்பி வந்தது. 2024 இல் 13,752 கார்கள் விற்றும் பட்டியல் நீளமாகவே இருந்தது. கார் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நிறம், தையல், காபன் பாகங்கள் என்று வாடிக்கையாளர் தனக்கென்று கேட்டுச் செய்விப்பதில் வருகிறது. மக்லாரன் நேர்மாறாக மாதிரிகளை அடுத்தடுத்து இறக்கியது. பழைய கார் விலை விழுந்தது. 2021 இல் இங்கிலாந்தின் வோக்கிங் நகரிலுள்ள தலைமையகத்தையே 170 மில்லியன் பவுணுக்கு விற்று, அதே கட்டடத்தில் வாடகைக்கு இருந்தது.

இனித் தொழிற்சாலை. இதற்குச் சிறந்த பாடம் போர்ஷே. 1980களின் நடுப்பகுதியில் ஆண்டுக்கு 50,000 க்கு மேல் விற்ற கம்பனி 1992/93 இல் 14,000 சொச்சத்துக்கு விழுந்தது. அதன் தலைவர் வென்டலின் வீடெகிங், கையிருப்பைக் குறைத்துப் பிழையை அந்த இடத்திலேயே திருத்தும் ரொயோட்டா முறை தெரிந்த யப்பானிய ஆலோசகர்களைக் கூப்பிட்டார். பாக அலுமாரிகள் இரண்டரை மீற்றர் உயரம். தொழிலாளி ஏணியில் ஏறித் தேடினார். வீடெகிங் தானே வட்டவாளை எடுத்து அவற்றை 1.3 மீற்றருக்கு வெட்டியது தொழிலில் பேர்போன கதை. அலுமாரி பாதியானால் 28 நாள் பாகத்தை அங்கே அடுக்க முடியாது. அடுக்க முடியாவிட்டால் பழுதான பாகம் உடனே கண்ணில் படும். பழைய போர்ஷேயில் கார் வரிசையின் முடிவுக்கு வந்த பிறகுதான் திறமான ஆட்கள் குறைகளைத் திருத்தினார்கள். கதவு இறப்பர் சரியாக ஒட்டாததை அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்தினால் சில நிமிடம். உள்ளலங்காரம் எல்லாம் பூட்டிய பிறகு என்றால் கதவுப் பலகை, ஒலிபெருக்கி, வயர் கட்டு எல்லாம் கழற்றவேண்டும். நிறப்பூச்சில் இன்னும் மோசம்: ஒரு தூசுக்காகக் கதவை மறுபடி அடித்தால் பக்கத்துப் பலகையோடு நிறம் ஒத்துவராது, பிறகு ஒரு பக்கம் முழுவதும் அடிக்கவேண்டி வரும். கராஜில் வேலை செய்தவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

போர்ஷேயின் இரண்டாவது வேலை மாதிரிகளைக் கழித்தது. 928, 968 இரண்டும் போயின. 1996 இல் வந்த பொக்ஸ்ரரும் 1997 இல் வந்த புதிய 911 உம் முன்பக்கத்தையும் கதவுகளையும் பகிர்ந்தன, இயந்திரமும் ஒரே குடும்பம். செலவு பாதியாகப் பிரிந்தது. ஆனால் பகிர்வுக்கும் ஒரு விலை உண்டு. அந்த இயந்திரத்தின் இடைத்தண்டு பெயாரிங் பழுதானபோது இரண்டு மாதிரியும் சேர்ந்தே கெட்ட பேர் எடுத்தன. பகிரும் பாகத்துக்கு இரண்டு மடங்கு சோதனை வேண்டும் என்பதைச் செலவுக் கணக்கில் முன்னமே போடவேண்டும்.

அஸ்ரன் மார்ட்டின் வி8 இயந்திரத்தை மேர்சிடிஸ் ஏஎம்ஜியிடம் வாங்குவது சரியான முடிவு. ஒரு புது இயந்திரத்துக்கு 200 மில்லியன் செலவு என்று வைத்து, ஆண்டுக்கு 2,000 கார், ஏழு வருடம் என்றால் கார் ஒன்றுக்கு 14,000 பவுண் ஏறும். புகைச் சான்றிதழ் ஒவ்வொரு சந்தைக்கும் தனித்தனி. வாங்குபவர் பொனட்டைத் திறந்து பெருமையாகக் காட்டுவது வி12 ஐ. அதை மட்டும் சொந்தமாக வைத்தால் போதும். வி12 பூட்டிய வன்குவிஷ் காரை ஆண்டுக்கு 1,000 க்கு மேல் கட்டுவதில்லை என்ற வரம்பும் அதோடு பொருந்துகிறது. திரை, வழிகாட்டி மென்பொருள் விடயத்தில் எதிர்ப்பக்கம் போனார்கள்: மேர்சிடிஸின் பழைய தலைமுறையை எடுத்துப் போட்டுத் திட்டு வாங்கி, 2023 இல் வந்த டிபி12 காரில்தான் சொந்த முறை வந்தது.

வழங்குநர்கள் பெரிய தலையிடி. ஆண்டுக்கு 6,000 தொகுதி வாங்குபவர், 600,000 வாங்குபவருக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்பார். வயர் கட்டு, கட்டுப்பாட்டுப் பெட்டி, முன்விளக்கு மூன்றும் முதலில் தட்டுப்படும். அச்சு ஒன்றே ஒன்று இருப்பதால் இரண்டாவது வழங்குநரைத் தேடுவதும் நடைமுறையில் இல்லை. அலுமாரியை வெட்டச் சொன்ன அதே கையால் இந்த மூன்றுக்கும் எட்டுக் கிழமை கையிருப்பு வைக்கவேண்டும், சின்ன வழங்குநருக்கு 30 நாளில் காசு கொடுக்கவேண்டும். 2024 செப்ரெம்பரில் அஸ்ரன் மார்ட்டின் இலாப எச்சரிக்கை விட்டபோது சொன்ன காரணங்கள் வழங்குநர் தடங்கலும் சீனச் சந்தைச் சரிவும். அந்த ஆண்டு உற்பத்தித் திட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 காரைக் குறைத்தார்கள். ஒரே ஆண்டில் வன்ரேஜ், வன்குவிஷ், புதுப்பித்த டிபிஎக்ஸ் எஸ்யூவி என்று இறக்கியதும் உதவவில்லை. ஒரு மாதிரி சீராக ஓடத் தொடங்கிய பிறகுதான் அடுத்ததைத் தொடலாம்.

எஸ்யூவி பற்றிச் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை. கெயென் (2002) போர்ஷேயையும் உரூஸ் லம்போகினியையும் தூக்கின. ஆனால் இரண்டுக்கும் கீழே வொக்ஸ்வாகன் குழுமத்தின் தளம் (பல மாதிரிகள் பகிரும் அடிக்கட்டமைப்பு) இருந்தது. டிபிஎக்ஸுக்குத் தனித் தளம், வேல்ஸில் தனித் தொழிற்சாலை. அதனால் அதே எண்ணிக்கையில் அதே இலாபம் வராது.

சிறப்புக் கார்களில் காசு இருக்கிறது. 25 டிபி4 ஜிடி கார்களைப் பழைய வடிவிலேயே புதிதாகக் கட்டி ஒன்று 1.5 மில்லியன் பவுணுக்கு விற்றார்கள். வல்ஹல்லா என்ற மாதிரியில் 999 கார்கள், ஒன்று சுமார் 850,000 பவுண். எல்லாம் விற்றால் 850 மில்லியன். மொத்த இலாபம் 40 சதவீதம் என்று தாராளமாக வைத்தாலும் 340 மில்லியன், அதுவும் சில வருடங்களில் பிரிந்து வரும். முற்பணத்தை வாங்கி மற்றைய காருக்குச் செலவழித்தால் அது கடன்தான், வட்டி மட்டும் இல்லை. அதைத் தனிக் கணக்கில் வைக்காத கம்பனி கார் தாமதிக்கும்போது இரண்டு பக்கமும் அடி வாங்கும்.

இந்த 340 மில்லியனால் 1.16 பில்லியன் தீராது. பங்குக் காசுதான் வேண்டும். 2022 இல் 654 மில்லியன் திரட்டினார்கள். அதற்குப் பின்னும் திரட்டினார்கள். ஆனால் அதில் ஒரு பகுதி நட்டத்தையும் புது மாதிரிகளையும் ஊட்டப் போனது. அடுத்த தரம் திரட்டும் ஒவ்வொரு பவுணும் 10 சதவீதப் பத்திரத்தை அடைக்க மட்டும் என்று நிபந்தனை போட்டு 500 மில்லியன் அடைத்தால், வட்டி ஆண்டுக்கு 50 மில்லியன் குறையும், கார் ஒன்றுக்கு 8,000 பவுண் அளவில். இதை 2028 தொடக்கத்துக்கு முன் முடிக்கவேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் முதிரும் கடன் ஐந்தொகையில் நடைமுறைப் பொறுப்பாகிவிடும். கம்பனி தொடர்ந்து இயங்குமா என்று கணக்காய்வாளர் குறிப்பு எழுதுவார். அதை வாசித்த மறுநாளே வயர் கட்டுச் செய்பவர் காசை முன்கூட்டிக் கேட்பார்.