ஊத்துக்குளி வெண்ணெயில் எக்ஸ் பெனடிக்ட்

ரொட்டி, பன்றி இறைச்சி, முட்டை, சாஸ் என அடுக்கித் தரும் நியூயார்க்கில் பிறந்த காலை உணவான எக்ஸ் பெனடிக்டைக் (Eggs Benedict) கோவை ரேஸ்கோர்ஸ் பக்கத்து உணவகம் ஒன்றில் கொங்கு உணவாகவே மாற்றிவிட்டார்கள். மஃபின் ரொட்டி இருக்க வேண்டிய இடத்தில் தடித்த கம்புத் தோசை. பன்றி இறைச்சிக்குப் பதில் பள்ளிபாளையம் சிக்கன். அதன்மேல் ஓடு நீக்கி வெந்நீரில் வேகவைத்த நாமக்கல் முட்டை. கரண்டி பட்டதும் மஞ்சள்கரு வழிந்து வரமிளகாய்க்கும் தேங்காய்ச் சில்லுக்கும் நடுவே இறங்குகிறது.

முட்டைக்கு மேலே ஊற்றும் ஹாலண்டேஸ் என்ற வெண்ணெய் சாஸ்தான் கடினமான வேலை. மஞ்சள்கருவோடு உருக்கிய வெண்ணெயை இளஞ்சூட்டில் சிறிது சிறிதாக விட்டு அடிக்க வேண்டும். சூடு கூடினால் திரிந்துவிடும். இங்கே ஊத்துக்குளி வெண்ணெய். அந்த மணத்துக்கே இன்னொரு தட்டு சொல்லலாம்! எலுமிச்சை மட்டும் இன்னும் கொஞ்சம் பிழிந்திருக்கலாம், பள்ளிபாளையம் காரத்துக்கு அந்தப் புளிப்பு அவசியம்.

கோவை நண்பர்களே, ஞாயிறு காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள்.