சாவி யார் கையில்?

கெடா மாநிலத்துப் பீடோங் டவுனிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையின் கடைசியில் எங்கள் லயம், வரிசையாக 23 தோட்டத்து வீடுகள். குழாயும் அங்கேயே முடிகிறது. வழியில் எல்லாரும் பிடித்தது போக மிச்சம்தான் எங்களுக்கு. தை பிறந்தால் அதுவும் நூல் மாதிரி இழுக்கும். மலேசியா என்றால் மழை என்பார்கள். கெடா, பெர்லிஸ் பக்கம் வந்து ஜனவரி, பிப்ரவரியில் இருந்து பார்க்க வேண்டும். எதிரே 1,217 மீட்டர் உயரத்தில் ஜெராய் மலை மேகத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு நிற்கும். கீழே நாங்கள் காலி வாளியோடு நிற்போம்.

ஒரு வருடம் தொடர்ந்து 9 நாள் குழாய் வரவில்லை. தண்ணீர் லாரி முன்னால் நடந்த சண்டைக்குப் பிறகுதான் கோயில் மண்டபத்துக் கூரை எங்கள் கண்ணில் பட்டது. 20 மீட்டருக்கு 10 மீட்டர், நல்ல தகரம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். அப்படியானால் 10 மில்லிமீட்டர் மழைக்கு 2,000 லிட்டர். சிதறியது, ஒழுகியது போனாலும் 1,600 தேறும். வீட்டுக்கு வீடு பணம் பிரித்து 400 கேலன் தொட்டி ஆறு வாங்கினோம். கோத்தோங் ரோயோங் போட்டு, அதாவது ஊரே கூடி உழைத்ததில், இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்தது.

பால்மரத்தை, அதுதான் ரப்பர் மரத்தை, மட்டும் மறந்துவிட்டோம். மாசியில் அது இலை கொட்டும். அத்தனையும் கூரையில் காய்ந்து கிடந்து, முதல் மழையில் தேயிலைச் சாயம் போலத் தொட்டிக்குள் இறங்கியது. நாற்றம் தாங்கவில்லை. கழுவி ஊற்றிவிட்டு, கூரைத் தண்ணீர் இறங்கும் பீலிக்கும் தொட்டிக்கும் நடுவே 200 லிட்டர் நீலத் தோம்பு (பீப்பாய்) ஒன்றை வைத்தோம். முதல் ஒரு மில்லிமீட்டர் மழையின் அழுக்கெல்லாம் அதில் நிற்கும். அது நிறைந்த பிறகுதான் நல்ல தண்ணீர் தொட்டிக்குப் போகும். அடியில் சின்ன ஓட்டை போட்டதால் அடுத்த மழைக்குள் தானே காலியாகிவிடும். தொட்டி வாய்க்கெல்லாம் நெருக்கமான வலை கட்டினோம். கொசுப்புழு கண்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம், 500 ரிங்கிட்டுக்கு மேலும் போகலாம். கோயில் உண்டியலில் அவ்வளவு இருந்தால் நாங்கள் ஏன் பணம் பிரிக்கிறோம்?

ஆறு தொட்டியிலும் சேர்த்துக் கிட்டத்தட்ட 11,000 லிட்டர். குடிக்க வேறு தண்ணீர், இது குளிக்க, கழுவ. வீட்டுக்கு நாளுக்கு இரண்டு வாளி, 40 லிட்டர் என்றால் 12 நாள் தாங்க வேண்டும். முதல் வறட்சியில் ஐந்தே நாளில் தட்டினால் டொங்கென்றது. தொட்டிக் குழாயின் பூட்டுச் சாவி கோயில் ஆணியில் தொங்கியதால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ராத்திரியில் யாரோ தோம்பு தோம்பாகப் பிடித்திருக்கிறார்கள். யாரென்று ஊருக்கே தெரியும், கேட்கத்தான் ஆளில்லை. இரண்டு வீட்டுக்குள் பேச்சு நின்றதுதான் மிச்சம்.

அப்போதுதான் தாத்தா சொன்னது ஞாபகம் வந்தது. அவர் சிவகங்கைப் பக்கம். கண்மாய் மடையைத் திறக்க, முறை வைக்க அங்கே நீர்க்கட்டி என்று ஓர் ஆள் இருப்பாராம். பெரும்பாலும் அந்தக் கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் அவருக்குச் சொந்த வயல் இருக்காது. அறுப்பு முடிந்ததும் களத்திலேயே நெல் அளந்து கொடுப்பார்களாம். சின்ன வயதில் அதை வெறும் ஊர்க்கதையாகத்தான் கேட்டேன். கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். எங்கள் லயத்தில் சேராத, கிணறு உள்ள வீடு யாருடையது என்று தேடியதில், பால்வெட்டி ஓய்வான ஓர் அக்கா அகப்பட்டார். சாவியை வைத்துத் தண்ணீர் அளந்து விட அவருக்குச் சம்பளம், வறண்ட மாதத்தில் வீட்டுக்கு 5 ரிங்கிட், மொத்தம் 115.

"காசு கெடக்கட்டும் தம்பி. நான் சொன்னா சொன்னதுதான். தலைவர் வந்தாலும் சரி, யார் வந்தாலும் சரி. ஒத்துக்கிட்டா சாவியக் குடுங்க."

அந்த வருடத் தைப்பூசத்துக்கு எங்கள் வீட்டில் ஈப்போவிலிருந்து ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். நான்தான் கோயில் செயலாளர், தொட்டிக் கணக்கு எழுதுகிறவனும் நானே. விடிகாலையில் வழக்கமான இரண்டோடு இன்னும் இரண்டு வாளியும் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். அக்கா நோட்டைப் புரட்டி என் வீட்டு வரியில் விரல் வைத்தார்.

"நேத்துப் பங்கு ரெண்டும் நேத்தே பிடிச்சாச்சு. இன்னிக்கு ரெண்டுதான். வந்தவங்கள ஆத்துல குளிக்கச் சொல்லுங்க தம்பி."